ஷெட்டில் ஒரு ஃப்ளாஷ், மாடியில் ஒரு ஃப்ளாஷ்

வெந்த மையின் வாசனை எனக்குப் பசியைக் கிளப்பும். சொன்னால் சிரிப்பார்கள். பனியன் துணியில் படம் அச்சிடும் ஷெட்டுகளில், ஒரு நிறம் விழுந்ததும் அடுத்த நிறம் அதன்மேல் ஈஷிக்கொள்ளாமல் இருக்க, செக்கச்செவேல் என்று கனலும் ஹீட்டர் பெட்டியைத் துணிக்கு மேலே இழுத்துவந்து ஒரு மூச்சு நேரம் காட்டுவார்கள். அதற்கு ஃப்ளாஷ் அடிப்பது என்று பெயர். அந்தச் சூட்டில் ரப்பரும் வெல்லமும் சேர்ந்து காய்வதுபோல ஒரு மணம் எழும். நேற்று ஸ்கூட்டரில் ஏதோ ஒரு ஷெட்டின் ஜன்னலைக் கடக்கும்போது அது மூக்கில் ஏறியது. வண்டியை ஓரம்கட்டி நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த கம்பெனி வேன்காரர் தலையை நீட்டி, “ஏனுங்க்கா, வண்டி ரிப்பேருங்களா?” என்று கேட்டார். இல்லை என்று கையாட்டினேன். ஒரு கிராபிக்ஸ் கார்டு ஞாபகம் வந்துவிட்டது என்று நடுரோட்டில் எப்படி விளக்குவது?

அண்ணனுடைய பிரிண்டிங் ஷெட்டுக்கு மேலே ஆபீஸ் அறை. அதற்கும் மேலே, மொட்டை மாடியில், என் அறை. நான் கவிதை எழுதுகிறவள். கவிதைக்கு யாரும் சம்பளம் தருவதில்லை என்பதால் டி-சர்ட்டுகளின் நெஞ்சில் அச்சாகும் வரிகளையும் எழுதுகிறேன். என்னை அதிகம் பேர் வாசித்தது பஸ் ஸ்டாண்டில்தான், எதிரே வருகிறவர்களின் மார்பின்மேல். உட்காரத் தெரியாத உடம்பு என்னுடையது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் படியிறங்குவேன், ஷெட்டைச் சுற்றுவேன், மை டப்பாவை முகர்வேன், திரும்ப ஏறுவேன். “அம்மிணி, காலுல சக்கரத்தக் கட்டியுட்டுப் பெத்துட்டாங்களாட்ட இருக்குது,” என்பார் நங்கையா.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் நங்கையா என்போம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஷெட்டில் எந்த நிறம் சரி, எது தப்பு என்று சொல்லும் கண் அவருடையது. ஆனால் படம் மட்டும் எப்போதும் அடுத்தவருடையது. கம்பெனிக்காரர்கள் கரடியை அனுப்பினால் கரடி, கப்பலை அனுப்பினால் கப்பல். ஐம்பது வயதைத் தொடும்போது அவருக்கு அது அலுத்துவிட்டது. கம்ப்யூட்டருக்குள்ளேயே துணியை வெட்டித் தைத்து ஒரு பொம்மைக்கு மாட்டிவிடும் மென்பொருள் ஒன்றை, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத் தானே படித்தார். குழந்தைகள் ஃபிராக்குக்கு அவர் வரைந்த படம் என்ன தெரியுமா? தண்ணி லாரி. மஞ்சள், ஊதா, கிளிப்பச்சை என்று குட்டிக்குட்டி லாரிகள் ஃபிராக்கைச் சுற்றி ஓடும். பின்பக்கக் குழாயிலிருந்து சொட்டும் நீர், விளிம்பில் பூவாக முளைக்கும். எங்கள் தெருவில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் யானையைவிடத் தண்ணி லாரிதான் நெருக்கம்.

அந்தப் படங்களைப் பார்க்க, வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு இங்கே துணி பிடித்துக் கொடுக்கும் ஒரு பையிங் ஆபீஸின் மெர்ச்சண்டைசர் அம்மா சம்மதித்திருந்தார். நான் சொல்லவந்த அந்த நாளில், மத்தியானம் கோயமுத்தூர் விமானத்துக்குப் போகிற வழியில் வருவார், பார்ப்பார், பிடித்தால் கையோடு எடுத்துப்போய் வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் காட்டுவார். விட்டால் அடுத்த சீசன். சாம்பிள் தைக்கத் துணி வந்து சேரவில்லை. காட்டுவதற்கு நங்கையாவிடம் இருந்தது கம்ப்யூட்டர் பொம்மை ஒன்றுதான். அது நடந்து காட்ட வேண்டும், திரும்ப வேண்டும், அதன் ஃபிராக் ஜெர்சி என்கிற பனியன் துணிபோலவே விழுந்து ஆட வேண்டும். அந்த ஆட்டம் முழுக்க ஒரு கிராபிக்ஸ் கார்டின் தயவு. யாரோ பயன்படுத்தி விற்ற பழைய கார்டு. வேலை செய்யும், ஆனால் அதன் விசிறி கத்தும்.

“மேடம் வந்து உக்காரும்போது நெல்லுமில்லாட்ட இது கத்துனா நல்லாவா இருக்கும்?” என்று அன்று காலை நங்கையா கவலைப்பட்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

கார்டுக்குள் ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. கம்ப்யூட்டர் கண்விழிக்கும்போது ‘நான் யார், என் விசிறி எவ்வளவு வேகம், என் மெமரிக்கு என்ன தீனி’ என்று கார்டு தனக்குள் ஓதிக்கொள்ளும் காலைப் பாடம் அதில் எழுதியிருக்கும். அதைப் பயோஸ் என்கிறார்கள். அந்தப் பழைய பாடத்தை அழித்துப் புதுப்பாடம் எழுதுவதற்குக் கம்ப்யூட்டர்காரர்கள் வைத்திருக்கும் பெயர், என்ன விதியோ, அதுவும் ஃப்ளாஷ்தான். விசிறி சத்தம் போடாத பாடம் ஒன்றை நங்கையா இணையத்தில் தேடி எடுத்தார். கார்டின் பெயர் அச்சு அசலாக ஒத்துப்போனது. ஃப்ளாஷ் பண்ணினார். கோடு நூறைத் தொட்டது. மறுபடி ஆன் செய்தார்.

விசிறி அமைதியாகச் சுற்றியது. திரை கறுப்பாக இருந்தது. கறுப்பென்றால் முழுக் கறுப்பு, இரண்டு தடவை சாயம் ஏற்றிய கறுப்பு. “சத்தம் போச்சு, அம்மிணி,” என்றார் நங்கையா மெல்ல. “படமும் போச்சு.”

எங்களுக்குக் கம்ப்யூட்டர் பார்க்கிற சர்வீஸ்காரர் அன்று பார்த்துக் குண்டடத்தில் மாமியார் ஊட்டு விருந்தில் இருந்தார். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டோம். பின்னணியில் ஆடுகள் கத்தின; யாரோ இலை போடச் சொல்லிக் கூவினார்கள்.

“பழைய பயோஸ ஒரு காப்பி எடுத்து வெச்சுட்டுத்தான பண்ணுனீங்க்கா?”

“இல்லீங்களே.”

அந்தப் பக்கத்தில் ஒரு ஆடு மட்டும் பதில் சொன்னது. பிறகு அவர் கேட்டார். “பேரு பாத்தீங்களா?”

“பேரு ஒண்ணேதானுங்க! எழுத்துக்கு எழுத்து.”

“பேரு ஒண்ணுதானுங்க்கா, லாட்டு வேற. ஒரே பேருல ரண்டு மூணு விதமான மெமரி சில்லு வெச்சு உடுவாங்க. ஒண்ணோட பயோஸ் இன்னொண்ணுக்குச் சேராது.”

நங்கையா நாற்காலியில் சாய்ந்தார். சாயப் பட்டறையிலிருந்து வரும் துணி ஒரே நிறம் என்றாலும் ஒவ்வொரு தடவை சாயம் ஏற்றுவதும் ஒரு லாட். ஒரு லாட்டில் உடம்பையும் வேறு லாட்டில் கையையும் வெட்டித் தைத்தால் வெயிலில் பல்லிளிக்கும். திருப்பூரில் எந்தத் தப்பையும் மன்னிப்பார்கள், லாட் மாற்றித் தைத்தவரை மன்னிப்பதில்லை. “லாட்டு மாத்திட்டனா? நானா?” என்று அவர் தன் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு முட்டியது. அந்த முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

“பயப்படாதீங்க்கா, கார்டு சாவலீங்க, மயக்கந்தான்,” என்றார் சர்வீஸ்காரர். “கார்டக் கழட்டி அது முதுகுல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர் நம்பரப் படிச்சுச் சொல்லுங்க. அந்த நம்பருக்குண்டான பயோஸ நான் அனுப்பறேன். மறுபடி ஃப்ளாஷ் பண்ணுனாச் சரியாப் போயிரும். இருங்க, எலைல உக்காரச் சொல்றாங்க, பத்து நிமிசத்துல கூப்புடறேன்.”

நங்கையா கார்டைக் கழற்றி மேசைமேல் ஒரு பனியன் துணியை விரித்து அதில் படுக்க வைத்தார். படிக்கும் கண்ணாடியைக் காணவில்லை என்று ஆபீஸை ஒட்டிய வீட்டுக்குள் தேடப் போனார். அந்த இடைவெளியில் அண்ணன் படியேறி வந்தார்.

அண்ணனுக்கு மனைவியின் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் முகம் வாடினால் மட்டும் தெரியும். “என்ன அம்மிணி, உங்க நங்கையா மொகமே செரியில்ல?”

நான் ஜன்னலில் நின்று ஏதோ ஒரு வரியைத் துரத்திக்கொண்டிருந்தேன். திரும்பாமலே சொன்னேன். “இந்தக் கார்டு போயிருச்சுங்கண்ணா. மறுபடி ஃப்ளாஷ் பண்ணோணுமாம்.”

“அவ்வளவுதானா? அதுக்கா இப்புடி உக்காந்திருக்கறா?”

வரியைப் பிடித்துவிட்டுத் திரும்பினேன். துணி மட்டும் மேசைமேல் இருந்தது.

எனக்கு உறைக்கவில்லை. மூக்குக்குத்தான் முதலில் உறைத்தது. கீழிருந்து வழக்கமான வெல்ல மணம் ஏறிவந்தது, கூடவே இன்னொன்று, புது ரேடியோவை வெயிலில் வைத்ததுபோல. அதே நொடியில் கண்ணாடியோடு வந்த நங்கையா வெறும் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காற்றை முகர்ந்தார். இருவரும் படியில் உருண்டோம் என்றே சொல்ல வேண்டும்.

ஷெட்டின் நடுவில், டி-சர்ட் மாட்டும் பலகையின்மேல் கார்டு குப்புறப் படுத்திருந்தது. அண்ணன் ஹீட்டர் பெட்டியை அப்போதுதான் அக்கட்டத் தள்ளிவிட்டு, மை காய்ந்ததா என்று பார்ப்பதுபோல, ஒரு விரலால் கார்டின் முதுகைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்! என்னுங்க பண்றீங்க!”

“ஃப்ளாஷ் அடிச்சுட்டேன். அம்மிணி சொல்லுச்சு.” அவர் முகத்தில் உதவி செய்தவரின் ஒளி. “துணியாட்டக் குடுக்கலே, பயப்படாத. இது மெல்லிசுன்னு பாதிதான் குடுத்தேன்.”

பக்கத்தில் நின்ற பீகார்க்கார பிரிண்டர், இந்த டிசைனுக்கு அடுத்த கலர் என்ன என்பதுபோல, கையில் மைக்கரண்டியோடு பவ்யமாகக் காத்திருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு அடக்கியது உடைந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நங்கையா என்னை முறைத்தார், கணவரை முறைத்தார். அவருக்கும் உதடு துடிக்க ஆரம்பித்தது. “தாலியக் கட்டுன அன்னைக்கு அந்த மஞ்சக்கவுறு ஈரமா இருந்துதே, அதையும் ஒருக்கா ஃப்ளாஷ் அடிச்சிருக்கலாமல்லொ?” என்றார். அதற்கப்புறம் சிரித்தார், கண்ணீர் வருகிற வரைக்கும். அதில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு பயம் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

நல்லவேளை, அண்ணன் தட்டையான பக்கத்தை மேலே வைத்து அடித்திருந்தார். நாற்பது வருடப் பழக்கம். விசிறிகள் கீழே தப்பித்தன. கார்டு வெந்நீர்ச் சொம்பு அளவுக்குத்தான் சுட்டது. ஆனால் நம்பர் ஸ்டிக்கர்? அது சூடு பட்டால் கறுக்கும் காகிதம், சூப்பர் மார்க்கெட் பில் போல. கரிக்கட்டியாகக் கறுத்திருந்தது. ஒரு எழுத்தும் மிச்சமில்லை.

குண்டடத்திலிருந்து ஃபோன் வந்தது. நங்கையா நடந்ததைச் சொன்னார். அங்கே பாயசம் யாருக்கோ புரையேறியது. இருமல் அடங்கியதும் சர்வீஸ்காரர் சொன்னார். “சரீங்க்கா… இனி ஒரே வழிதான். மேல் மூடியக் கழட்டி, உள்ள இருக்கற மெமரி சில்லு மேலயே எழுதியிருக்கறதப் படிக்கோணும். பொடி எழுத்து. மறுபடி மூடறதுக்குள்ள சூடு கடத்தற பேஸ்ட் ஒண்ணு வேணும். பழசு காஞ்சு போயிருக்கும். யாராச்சும் போய் வாங்கிட்டு வாங்க.”

போக நானிருக்கிறேனே! காலில் சக்கரம் கட்டியவளுக்கு அன்றுதான் வேலை வந்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தேன். உச்சி வெயில். துணிப் பண்டல்கள் வழிய வழிய மினி ஆட்டோக்கள் முன்னே போயின. ஷிஃப்ட் விட்டு வந்த பெண்கள் தலைமுடியில் பஞ்சுத் தூளோடு ஐஸ் தின்றபடி ரோட்டைக் கடந்தார்கள். ஒருத்தியின் டி-சர்ட்டில் என் வரி ஒன்று என்னைக் கடந்து போனது, நலமா என்று கேட்கக்கூட நிற்காமல். கம்ப்யூட்டர் கடையில், “பேஸ்ட்டுங்க, கார்டுக்கு,” என்று மூச்சுவாங்கினேன். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் நான் அதைத் தின்னப்போகிறேன் என்ற சந்தேகம் தெரிந்தது. ஊசிமருந்துக் குழல்போல ஒரு சாம்பல் களிம்பைக் கொடுத்தார்.

நான் திரும்பியபோது நங்கையா மூடியைக் கழற்றித் துடைத்து முடித்திருந்தார். கார்டு தன் கறுப்பு வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது. சில்லுகளின்மேல் எழுத்து இருந்தது, ஆனால் எறும்புக்குக் கண்ணாடி போட்டால்தான் படிக்கும். நங்கையா சாய்த்துப் பார்த்தார். நான் ஃபோன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன், பனிமூட்டம்தான் பெரிதானது.

மூலையில் குற்றவாளிபோல நின்ற அண்ணன் கீழே போனார். திரும்பி வரும்போது கையில் மடக்கு லென்ஸ் ஒன்று இருந்தது. அச்சுக்கு மை இறங்கும் ஸ்க்ரீன் வலையில் எத்தனை கண்ணி என்று எண்ணிப் பார்க்கும் லென்ஸ். கார்டின்மேல் அதை நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக் குனிந்தார்.

“தொடலீங்களே?” என்றார் நங்கையா.

“தொடுலே, தொடுலே. எழுதிக்க.” ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக, கோயில் கணக்கு வாசிப்பவர்போல, ராகமாகச் சொன்னார். நான் எழுதினேன். ஃபோனில் அனுப்பினோம். சற்று நேரத்தில் குண்டடத்திலிருந்து ஒரு ஃபைல் வந்தது. கீழே ஒரு வரி: “இதுதானுங்க்கா உங்க லாட்டு.”

களிம்பைப் பொட்டுபோல வைத்து மூடி, கார்டை அதன் இடத்தில் சொருகினோம். திரையின் கேபிளைக் கார்டிலிருந்து பிடுங்கி, கம்ப்யூட்டரின் மதர்போர்டிலேயே இருக்கும் இன்னொரு துளையில் மாட்டச் சொன்னார் சர்வீஸ்காரர். மயங்கினவரை எழுப்ப வேறொருவர் கண் வேண்டுமாம். மாட்டினோம். திரை வெளுத்தது. கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து, அவர் சொல்லச் சொல்ல நங்கையா கட்டளையைத் தட்டினார். கடைசி விசையை அழுத்தப் போனவரை ஃபோன் குரல் தடுத்தது. “இருங்க, இருங்க! யூபிஎஸ் இருக்குதுங்களா? எழுதும்போது கரண்ட் ஆடிப்போச்சுன்னா மறுபடி மொதல்ல இருந்து.”

யூபிஎஸ் பழசு. கீழே ஹீட்டர் பெட்டி ஒவ்வொரு முறை கனலும்போதும் மாடியில் ட்யூப்லைட் கண்சிமிட்டும். அண்ணனுக்கு அது தெரியும். ஒரே தாவலில் படிக்கட்டுக்குப் போய் ஷெட்டைப் பார்த்துக் கத்தினார்.

“டேய், ஃப்ளாஷ நிறுத்துங்கடா! மேல ஃப்ளாஷ் நடக்குது!”

கீழே எல்லாம் நின்றது. “கோன்சா ஃப்ளாஷ், சேட்?” என்று, எந்த ஃப்ளாஷ் எனக் கேட்டு, பீகார்க்காரரின் குரல் வந்தது.

“எல்லா ஃப்ளாஷும்!”

அந்த ஷெட் அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. ஒரு சொட்டு மை பலகையில் விழுந்திருந்தால் கேட்டிருக்கும். நங்கையா விசையை அழுத்தினார். கோடு ஊர்ந்தது. நின்றது. ஊர்ந்தது. நான் அறைக்குள் நடந்தேன், “அம்மிணி, உக்காரு சாமி, தல சுத்துது,” என்றார் அண்ணன். உட்கார்ந்து எழுந்தேன். கோடு முடிந்தது. அணைத்தோம். கேபிளைக் கார்டுக்கே திருப்பி மாட்டினோம். ஆன் செய்தோம்.

விசிறி கத்தியது! அதன் பழைய, தொண்டைகட்டின, நெல்லுமில் கத்தல். அதைக் கேட்டு மூவரும் கை தட்டினோம். திரையில் வெளிச்சம் வந்தது. நங்கையா பொம்மையைத் திறந்தார். ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று, வெற்றுக்காலோடு, தண்ணி லாரி ஃபிராக்கில் நின்றது. அவர் ஒரு பொத்தானைத் தட்டியதும் அது நடந்தது. துணி முதலில் காற்றில் ஒரு நொடி நின்று, பிறகு ஜெர்சிக்கே உரிய அந்தச் சோம்பலோடு விழுந்து, முழங்காலில் தட்டி ஆடியது. லாரிகள் மடிப்புக்குள் போய் வெளியே வந்தன.

வாசலில் கார் ஹாரன் கேட்டது.

மெர்ச்சண்டைசர் அம்மாவின் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். எத்தனை வருடம் திருப்பூரில் இருந்தும் பேச்சில் கடல் வற்றவில்லை. வந்ததும் வாட்ச்சைப் பார்த்தார். “ஃபிளைட்டுக்கு நேரமாச்சு, சட்டுனு காட்டுங்க. என்ன இது, மேல ஹெலிகாப்டரா ஓடுது?”

“கம்ப்யூட்டர் விசிறிங்க. கொஞ்சம் சத்தக்காரி,” என்றார் நங்கையா. இப்போது அவருக்கு அதில் வெட்கமே இல்லை.

பொம்மை நடந்தது. அந்த அம்மா முதலில் நின்றுகொண்டே பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார். “திருப்புங்க. இன்னொருக்க. அந்தப் பூ எங்கேர்ந்து வருது? லாரி ஒழுகுதா! ஐயோ, எங்க தெருவுலயும் இப்படித்தான ஒழுகிட்டுப் போவான்!” என்று வாய்விட்டுச் சிரித்தார். நங்கையா சிரிக்கவில்லை. மவுஸைப் பிடித்திருந்த கையை மறு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நீங்களே வரைஞ்சதா?”

“ஆமாங்க.”

“எல்லாத்தையும் பென்டிரைவ்ல போடுங்க. நான் கொண்டு போறேன். இதக் காட்டாம எதக் காட்டப் போறேன்?”

வாசல்வரை எல்லோரும் போனோம். பீகார்க்காரரும் மைக்கரண்டியோடு வந்து நின்றார். அண்ணன் கார்க்கதவைத் திறந்து பிடித்தார். அந்த அம்மா ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, நங்கையாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வாரேங்க. பையன்களுக்கும் இதே மாதிரி ஒரு ரேஞ்சு கேப்பாங்க. அந்தப் புள்ளைக்கு ஒரு தம்பி வேணும்லா, அவனையும் செஞ்சு வையுங்க.”

“தம்பி ஒண்ணு என்னுங்க, ரெட்டையாவே பெத்துத் தாறனுங்க,” என்றார் நங்கையா தெருவுக்கே கேட்கும்படி. “நீங்க பத்தரமாப் போய்ட்டு வாங்க!”